பதினாறில் ஒன்பது

ஒக்கி புயலுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வந்த ராத்திரிதான் அந்த டி.வி.டி. பிளேயர் செத்தது. 2017 நவம்பர் 30-ஐப் பற்றிக் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தி, கம்பி இழுத்து, நாள் எண்ணிக் காத்திருந்து கடைசியில் விளக்கு எரிந்தபோது தெருவே கூச்சல் போட்டது. எங்கள் வீட்டுக் கூடத்துப் பல்பு ஒரு நொடி பளீரென்று வெள்ளையாக அடித்துவிட்டு நிதானத்துக்கு வந்தது. பிளேயரின் பிளக்கை யாரும் பிடுங்கி வைக்கவில்லை. காலையில் பார்த்தால் அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை.

1,800 ரூபாய்ப் பெட்டி. தூக்கிப் போட்டிருக்கலாம். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அதற்கப்புறம் மூன்று வருடமும் பதினோராயிரம் ரூபாய்க்கு மேலும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. பணம் போனதில் பெரிய வருத்தம் இல்லை. இதைவிட மோசமாகச் செலவழித்திருக்கிறேன். அந்த மூன்று வருடத்தில் என் காது எதைக் கேட்டது, எதைக் கேட்டதாக நான் நினைத்துக்கொண்டேன் என்கிற கணக்குத்தான் இன்னும் முடியவில்லை.

பெட்டிக்குள்

மூடியைத் திறந்தால் முக்கால்வாசி காற்றுதான். ஒரு பக்கம் கரண்டை வாங்கிப் பிரித்துக்கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். போர்டு, நடுவில் டிஸ்க் சுழலும் டெக், பின்பக்கம் உள்ளங்கை அகலத்தில் மெயின் போர்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு கண்டன்சரின் தலை, சுட்ட பப்படம் மாதிரி உப்பியிருந்தது. ஃபியூஸும் போயிருந்தது. இரண்டையும் மாற்ற நாகர்கோவிலில் முப்பது ரூபாய்கூட ஆகவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, டிஸ்க் சுழன்றது, பாட்டு வந்தது. எல்லாம் வினையாகப் போனது அங்கேதான். முதல் முயற்சியிலேயே வெற்றி கண்டவன் சும்மா இருக்கமாட்டான்.

மெயின் போர்டில், ஆடியோ வெளியே போகிற ஓரத்தில், எட்டுக்கால் ஐ.சி. ஒன்று இருந்தது. 4558. மைக் செட் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த எண் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரி. மிக்சர், எக்கோ, சின்ன ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கும். டிஸ்க்கில் இருக்கிற எண்களை மின்சார அலையாக மாற்றும் வேலை வேறொரு சிப்பினுடையது. அந்த அலையை வடிகட்டி, பலம் கொடுத்து வெளியே அனுப்புவதுதான் 4558-இன் வேலை. இந்த வகை ஐ.சி.க்கு ஆப் ஆம்ப் என்று பெயர். ராத்திரி முழுக்கப் படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மலிவு பிளேயரில் சிப் மோசமில்லை, அதற்குப் பின்னால் வருகிற சில்லறைச் சாமான்கள்தான் மோசம், அவற்றை மாற்றினால் லட்ச ரூபாய் பிளேயரின் பக்கத்தில் போய் நிற்கலாம்.

முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. சி.டி. என்கிற சங்கதியின் அளவுகள் தொடக்கத்தில் முடிவானவை: நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். சோனியின் முதல் பிளேயர் 1982 அக்டோபரில் ஜப்பானில் 1,68,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. ஃபிலிப்ஸின் முதல் பிளேயரில் 14 பிட் சிப்தான் இருந்தது. மாதிரிகளுக்கு நடுவே கணக்கிட்ட மாதிரிகளைச் சேர்த்து எண்ணிக்கையை நான்கு மடங்காக்கும் ஓவர்சாம்ப்ளிங் என்ற சாமர்த்தியத்தால் அதை 16-க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். இன்று தெருமுனைக் கடைப் பிளேயரில் கிடக்கிற சிப் காகிதக் கணக்கில் அதைவிட மேல். அப்படியிருக்க, மிச்சத்தையும் நாமே சரிசெய்துவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

4558-ஐப் பிடுங்கி, அதே இடத்தில் பொருந்துகிற இன்னொரு ஆப் ஆம்பான என்.ஈ.5532 வைத்தேன். பழைய ஐ.சி.யைக் கழற்றும்போது போர்டின் செம்புத் தடம் ஒன்று உரிந்து வந்துவிட்டது. மெல்லிய கம்பி வைத்து ஒட்டுப்போட்டேன். பிறகு ஒரு நாதஸ்வர சி.டி.யைப் போட்டு உட்கார்ந்தேன். தவில்தான் எனக்கு உரைகல். கழியால் அடிக்கிற பக்கமான தொப்பியில் விழுகிற அடியை எந்த ஸ்பீக்கரும் எப்படியாவது காட்டிவிடும். விரலால் வாசிக்கிற பக்கமான வலந்தலையில் விரல்கூடு தோலைத் தொடுகிற அந்த ‘டக்’ தனியாகக் கேட்க வேண்டும், தோலின் அதிர்வு அதற்குப் பின்னால் வர வேண்டும். அன்று கேட்டது. சத்தியமாகக் கேட்டது. இதில் பைத்தியமாக அலைகிறவர்கள் எல்லாரும் ‘திரை விலகியது மாதிரி’ என்றுதான் சொல்வார்கள். நானும் வெட்கமில்லாமல் அதையே சொன்னேன். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, “எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியல்ல” என்றாள். அவளுக்குப் பழக்கம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் அலுக்கும், எனக்கும் மானக்கேடு. 5532-ஐ எடுத்துவிட்டு, ஆன்லைனில் ஜோடி 700 ரூபாய்க்கு வாங்கிய ஓ.பி.ஏ.2134 வைத்தேன். சிக்னல் வழியில் இருந்த கண்டன்சர்களைத் தூக்கிவிட்டுப் பெரிய ஃபிலிம் கண்டன்சர்கள் போட்டேன். மூடி மூடவில்லை, அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டேன். எஸ்.எம்.பி.எஸ். கரண்டு அசுத்தம் என்று படித்து, ஆப் ஆம்புக்கு மட்டும் 12-0-12 டிரான்ஸ்பார்மரும் 7812, 7912 ரெகுலேட்டர்களும் வைத்துத் தனி சப்ளை கட்டினேன். சுத்தமான கரண்டு வந்ததோ என்னவோ, கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம் வந்தது. டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் பக்கத்து போர்டில் பாய்ந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து, பழைய பிஸ்கட் டின்னில் வைத்து, ஒரு முழ வயரில் இழுத்துவந்தபோது அடங்கியது. அதாவது, நானே உண்டாக்கிய வியாதிக்கு நானே மருந்து கொடுத்து, குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வெளியே போகிற வழியில் சேனலுக்கு ஒன்றாக இரண்டு மியூட்டிங் டிரான்சிஸ்டர்கள் உண்டு. பிளேயரைப் போடும்போதும் அணைக்கும்போதும் வருகிற அடியைத் தரைக்கு இழுத்துவிடுவது அவற்றின் வேலை. மற்ற நேரத்தில் சும்மா நின்றாலும் சிக்னலைக் கெடுக்கும் என்று எங்கோ படித்ததால் அவற்றையும் வெட்டி எறிந்தேன். அன்றிலிருந்து பிளேயரை அணைத்தால் ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் படுத்திருந்த அம்மா முதல் நாள் திடுக்கிட்டு எழுந்து, “மக்களே, தேங்கா வல்லதும் விழுந்துதா?” என்று கேட்டாள்.

சி.டி.யின் விளிம்பில் பச்சை மை பூசினால் லேசர் வெளிச்சம் சிதறாமல் ஒலி தெளியும் என்று வெளிநாட்டில் ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை ஓடியது. மகளின் ஸ்கெட்ச் பேனாவால் அதையும் செய்தேன். டிஸ்க்கில் கீறல் விழுந்தால் ஈடுகட்ட, தகவலைக் கலைத்து அடுக்கி, சரிபார்ப்பு எண்களையும் சேர்த்தே பதிந்திருக்கிறார்கள். தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு எதுவுமே படிக்க முடியாமல் போனாலும் விட்டுப்போனதை முழுதாகத் திருப்பிக் கணக்கிட்டுவிடும். படித்தது ஒரு தற்காலிக நினைவகத்தில் சேர்ந்து, அங்கிருந்து கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வெளியே போகிறது. பச்சை மை இதில் எங்கே போய் என்ன செய்யும்? இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் பூசினேன், பூசிய பிறகு நாதஸ்வரத்தின் சீவாளி இன்னும் ஈரமாகக் கேட்கிறது என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை.

தக்கலை அண்ணன்

என்னை நிறுத்தியவர் தக்கலையில் ஆம்ப்ளிஃபயர் வேலை பார்க்கிற ஒரு அண்ணன். முப்பது வருடமாகக் கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டியவர். எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு நாலு சவுண்ட் சர்வீஸ். ஒரு திருவிழா ராத்திரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குழாய் ஸ்பீக்கர். அந்தச் சண்டைகளுக்கு நடுவே காதைக் கெடுத்துக்கொள்ளாமல் பிழைத்தவர் அவர். என்னிடம் இருக்கிற அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர் அவர் கையால் கட்டியதுதான். ஸ்பீக்கர் வயர் வாங்கப் போன இடத்தில் என் பிளேயரின் பெருமைகளை அரை மணி நேரம் சொன்னேன். சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “சாதா செட்டும் கையில உண்டுமா?” என்றார்.

இருந்தது. அதே மாடலில் இன்னொரு பிளேயரை, லென்ஸ் போனால் உதவும் என்று கடை காலிசெய்தபோது 900 ரூபாய்க்கு வாங்கிப் போட்டிருந்தேன். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. “அப்போ ரெண்டையும் கொண்டு வாங்க தம்பி. ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் அசைக்காண்டாம், நான் வீட்டுக்கு வாறேன்” என்றவர், ‘கொண்டு வாங்க’ என்று சொன்னதை அப்போதே மறந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைக்கில் வந்து இறங்கினார். அம்மா மரச்சீனி அவித்து வைத்திருந்தாள். அதைத் தின்று, சாயா குடித்து, பிறகுதான் வேலை.

ஆம்ப்ளிஃபயரில் சி.டி., ஆக்ஸ் என்று இரண்டு உள்வழிகள். ஒன்றில் என் பிளேயர், இன்னொன்றில் சாதா பிளேயர். நாதஸ்வர சி.டி.யின் நகல் ஒன்று எழுதி, இரண்டிலும் ஒரே பாட்டு. நான் ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார வேண்டும், திரும்பக்கூடாது. அண்ணன் எனக்குப் பின்னால் நின்று இரண்டு ரூபாய் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால் என்னுடையது, பூ விழுந்தால் சாதா. பாட்டு முதலிலிருந்து இருபது நொடி ஓடும். எது என்று நான் சொல்ல வேண்டும். சுவிட்ச் திரும்புகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் அதை நாலைந்து முறை இங்கும் அங்கும் திருப்பிவிட்டுத்தான் நிறுத்தினார். மகளின் கணக்கு நோட்டில் அவர் ஒரு பத்தி, நான் ஒரு பத்தி. மொத்தம் பதினாறு தடவை.

பதினாறில் பதின்மூன்று சரி. கண்ணைக் கட்டிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னால் நூறு பேரில் ஒருவருக்குத்தான் இந்த அளவு வாய்க்கும். நான் நாற்காலியிலிருந்து எழுந்து மனைவியைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அண்ணன் முகத்தில் மாற்றமில்லை. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார், கூடவே கறுப்பு மார்க்கரால் ‘டெஸ்ட்’ என்று எழுதிய ஒரு சி.டி. “ரெண்டும் ஒரே சவுண்டாக்கும்னு யாரு சொன்னா? மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?” பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

சாதாரண மல்டிமீட்டர் ஆயிரம் ஹெர்ட்ஸில் ஏ.சி.யைச் சரியாகக் காட்டாது, வீட்டுக் கரண்டுக்குப் பக்கத்து அலைவரிசையில்தான் நம்பலாம் என்று சொல்லி நூறு ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டார். ஆம்ப்ளிஃபயரோடு இணைந்த நிலையிலேயே பின்னின் மேல் மீட்டரை வைத்தார். சாதா பிளேயர்: 1.82 வோல்ட். என்னுடையது: 1.98. கூடத்தில் கொஞ்ச நேரம் நூறு ஹெர்ட்ஸ் மட்டும் ‘ஊ’ என்று ஓடிக்கொண்டிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. வெளியே போகிற வழியில் கம்பெனிக்காரன் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்திருந்தான். ‘தடை குறைந்தால் ஒலி சுதந்திரமாகப் பாயும்’ என்ற அபார அறிவோடு நான் அதை 100 ஓமாக மாற்றியிருந்தேன். இந்த ஆம்ப்ளிஃபயரின் உள்வழித் தடை பத்து கிலோ ஓம். சிக்னல் இந்த இரண்டு தடைகளுக்கும் நடுவே பங்கு பிரிகிறது: முன்பு பதினொன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்க்கொண்டிருந்தது, இப்போது நூற்றொன்றில் ஒரு பங்குதான் போகிறது. கணக்குப் போட்டால் முக்கால் டெசிபெல் வித்தியாசம். பிளஸ் டூ பிசிக்ஸ்.

முக்கால் டெசிபெல் என்பது ஒரு விசித்திரமான அளவு. ‘சத்தம் கூடிவிட்டது’ என்று யாருக்கும் தோன்றாது. தோன்றியிருந்தால் நானே வால்யூமைக் குறைத்திருப்பேன். தெளிவாக இருக்கிறது, நெருக்கமாக இருக்கிறது, பேஸ் நிறைந்திருக்கிறது என்றுதான் தோன்றும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது கீழ்ச்சுருதிகளை அதிகமாகத் தவறவிடும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து வரைந்து வைத்துவிட்டார்கள். கொஞ்சம் கூட்டினால் தவிலின் தொப்பி எழுந்து வரும். இதனால்தான் இரண்டு கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் சத்தத்தைப் பத்தில் ஒரு டெசிபெல்லுக்குள் சமன்படுத்த வேண்டும் என்று அடித்துக்கொள்கிறார்கள். அதுவும் நான் படித்ததுதான். படித்துவிட்டு, அது மற்றவர்களுக்கான எச்சரிக்கை என்று கடந்து போயிருக்கிறேன்.

அண்ணன் என் பிளேயரின் ஆடியோ வயரில், பின்னுக்குள்ளேயே 910 ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பற்றவைத்தார். மீட்டர் இரண்டு பக்கமும் 1.82 காட்டியது. “இனி ஒருக்கக்கூட கேளுங்க” என்றார்.

இரண்டாவது சுற்றில் முதல் தடவை நாணயம் சுண்டும் சத்தம் கேட்டபோதே வயிற்றுக்குள் என்னவோ செய்தது. பாட்டு வந்தது. விரல்கூட்டைத் தேடினேன். இருந்தது. என்னுடையது என்றேன். அடுத்தது. விரல்கூடு அப்போதும் இருந்தது. நாதஸ்வரத்தின் மேல்ஸ்தாயியில் கொஞ்சம் கரகரப்பு தெரிகிறதா? தெரிகிறது என்றால் சாதா. தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. ஆறாவது தடவைக்கு மேல் நான் பாட்டைக் கேட்கவில்லை. ‘போன முறை என்னுடையது என்று சொன்னோம், இரண்டு தடவை தொடர்ந்து தலை விழுமா’ என்று நாணயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை ஹாலில் விடை தெரியாதவன் வாத்தியார் மனசைக் கணிக்கிற மாதிரி. முடிந்ததும் அண்ணன் நோட்டை என் மடியில் வைத்தார். பதினாறில் ஒன்பது. எட்டு என்றால் நாணயம் என்ன சொல்கிறதோ அது. நாணயத்தைவிட நான் ஒன்று கூடுதல்.

தின்னரில் கரைந்தது

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கிளம்புகிற நேரத்தில் அண்ணன் என் பிளேயரின் (எப்போதும் மூடாத) மூடி வழியாக உள்ளே டார்ச் அடித்தார். 700 ரூபாய் ஐ.சி.யையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பட்ஸ் கேட்டார், தின்னர் கேட்டார். தின்னரில் நனைத்த பட்ஸால் ஐ.சி.யின் முதுகை இரண்டு முறை தேய்த்ததும் எழுத்து கறுப்பாகக் கலங்கிப் பஞ்சில் ஏறிவிட்டது. அடியில் உப்புத்தாள் போட்டு உரசிய கோடுகள். எதையோ உரசி, மேலே பூச்சு அடித்து, விலை கூடின பெயரை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். “இது 4558 ஆயிருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஐ.சி.யை வைத்த அன்று நான் நாட்குறிப்பில் எழுதியது: ‘5532-இன் வறட்சி போய்விட்டது. குரலில் ரத்தம் ஓடுகிறது.’

என்னை யோசிக்க வைப்பது இந்த இடம்தான். அந்த வரியை எழுதும்போது நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. குரலில் ரத்தம் ஓடியது. இன்றைக்கும், எது ஓடுகிறது என்று தெரிந்து உட்கார்ந்தால் என் பிளேயர்தான் எனக்கு இனிமையாக இருக்கிறது. பதினாறில் ஒன்பது என்று கையெழுத்தோடு நோட்டில் இருக்கிறது. தெரிந்தும் அந்த இனிமை போகவில்லை. கண் மூடினால் போகிறது, திறந்தால் வந்துவிடுகிறது. இதைப் ‘பிரமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற நண்பர்கள் உண்டு. பிரமையென்றால் தெரிந்த பிறகு கலைய வேண்டாமா? நானே ஈயம் வைத்து, விரல் சுட்டு, ஹம் வந்து, அதை அடக்கி, இரவு பதினொரு மணிக்கு முதல் தடவை கேட்கிற பாட்டு, கடையில் வாங்கி வயர் சொருகிய பெட்டியின் பாட்டு மாதிரியே காதில் விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் அந்தச் சுகத்துக்கு ஆப் ஆம்பின் பெயரைச் சொல்லி, இன்னொருவனையும் 700 ரூபாய் செலவழிக்கத் தூண்டியது என் தவறு. இரண்டு பேரைத் தூண்டியிருக்கிறேன். ஒருவருக்கு போர்டே போனது.

உள்ளே செய்ததெல்லாம் வீண் என்றும் சொல்லமாட்டேன். உப்பிய கண்டன்சரை மாற்றியது நிஜம். அதில்லாமல் பாட்டே இல்லை. கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் வீடு என்பதால் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. பிளேயரின் பின்பக்க ஆர்.சி.ஏ. சாக்கெட்டில் பச்சைக் களிம்பு ஏறி, இடது சேனல் அவ்வப்போது காணாமல் போய்க்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் நிஜம். லென்ஸில் மூடாக்குப் படிந்து ‘நோ டிஸ்க்’ என்று அடம்பிடித்தபோது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்ததும் நிஜம். மூன்றுக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இவற்றையெல்லாம் பற்றி நாட்குறிப்பில் ஒரு வரியும் இல்லை.

அண்ணன் அன்று போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார், கேட்காமலே. கூடத்தின் இரண்டு மூலைகளிலும் சுவரோடு ஒட்டி வைத்திருந்த ஸ்பீக்கர்களை ஒன்றரை அடி முன்னால் இழுத்தார். எங்கள் கூடம் 14 அடி நீளம், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. கை தட்டினால் ‘ட்ரிங்’ என்று திரும்பி வரும். இந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அறையே ஊத ஆரம்பிக்கும். மூலையில் ஸ்பீக்கர் வைப்பது அந்த ஊதலுக்கு எண்ணெய் விடுவது. இடித்துவிட்டுக் கட்டிய எங்கள் பழைய ஓட்டு வீட்டில் மரமச்சும் ஓட்டு இடுக்குகளும் இந்தத் தொல்லையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டன. அப்பாவின் ரேடியோ அங்கே பாடியது மாதிரி இங்கே எதுவும் பாடவில்லை என்று நான் கருவிகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ச்சுவரில் ஒரு கோரைப்பாயைத் தொங்கவிட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்தார். பாய்க்கு அடியில் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும் என்று இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைச் சுவருக்கும் பாய்க்கும் நடுவே சொருகினார். பிறகு சாதா பிளேயரில்தான் ஒரு வாய்ப்பாட்டைப் போட்டார். அடுக்களையிலிருந்து மனைவி வந்து வாசற்படியில் நின்றாள். “இப்பம் என்ன செஞ்சீங்க? வார்த்தையெல்லாம் கேக்குது” என்றாள். மூன்று வருடத்தில் அவள் தானாக வந்து சொன்ன முதல் கருத்து அது.

பாய் இப்போதும் தொங்குகிறது. வருகிறவர்கள் சுவரில் ஈரமா என்று கேட்கிறார்கள்.

இரண்டு பிளேயரும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 910 ஓமை நான் எடுக்கவில்லை, மியூட்டிங் டிரான்சிஸ்டரைத் திரும்ப வைக்கவுமில்லை. மனநிலையைப் பொறுத்து ஒரு நாள் அது, ஒரு நாள் இது. போன வாரம் ராத்திரி பாட்டு முடிந்து அணைத்ததும் ஸ்பீக்கரில் ‘டொப்’. பக்கத்து அறையிலிருந்து அம்மா கேட்டாள், “இன்னைக்கு உனக்க செட்டாக்கும் போட்டிருந்தே, இல்லியா மக்களே?” ஆமாம் என்றேன். அவள் இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை.